பாட்டு முதலா, காலம் முதலா? சங்கப் பாடல்களைப் படிக்க மூன்று வழிகள்

புறநானூற்றைப் படித்தே தீர்வது என்று முடிவு செய்துவிட்டீர்கள். புத்தகமும் கைக்கு வந்துவிட்டது. அப்புறம்தான் தயக்கம். நேராகப் பாட்டைப் பிரித்து உட்கார்ந்துவிடலாமா? பழைய உரையின் கையைப் பிடித்துக்கொண்டு போகலாமா? அந்தக் காலத்து மன்னர்கள், நிலம், வாணிகம், சமயம் எல்லாவற்றையும் ஓரளவு தெரிந்துகொண்டு அதற்குப் பிறகு பாட்டுக்கு வரலாமா?

இந்த வழக்கு தமிழில் பழசு. 1960, 70களில் விமர்சகர்கள் க.நா.சு.வும் வெங்கட் சாமிநாதனும் கலைத்தரத்தை முன்னே வைத்துப் பேசினார்கள். மார்க்சிய ஆய்வாளர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் படைப்பு பிறந்த சமூகத்தைப் பார்க்காமல் படைப்பைப் பார்க்க முடியாது என்றார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. படிக்க உட்காருகிறவருக்கு வேண்டியது வேறு: எதை முன்னால் படிப்பது, எதைப் பின்னால் படிப்பது. இந்த வரிசை சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் ஒரு பாட்டு நமக்குப் பாட்டாகக் கிடைப்பதும் வெறும் சான்றாகச் சுருங்கிவிடுவதும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் தீர்மானமாகிறது. மூன்று வழியிலும் போய்ப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் வழி: பாட்டு, ஓர் அகராதி, வேறொன்றும் இல்லை

புறநானூற்றின் 112ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

ஐந்தே அடி. யார் பாடியது, எந்தக் குன்று, எந்த வேந்தர் என்று ஒன்றும் தெரியாதவரிடம் இதைக் கொடுங்கள். போன மாதம் அந்த நிலா வெளிச்சத்தில் எங்கள் தந்தை இருந்தார், எங்கள் குன்றையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மாதம் இந்த நிலா வெளிச்சத்தில் குன்றையும் எடுத்துக்கொண்டார்கள், எங்கள் தந்தையும் இல்லை. இவ்வளவும் புரிந்துவிடும். மெல்லப் படித்தால் இன்னொன்றும் பிடிபடும். முதல் நிலவில் தந்தை முன்னால் வருகிறார், குன்று பின்னால். இரண்டாம் நிலவில் வரிசை மாறுகிறது. குன்று போனதை முதலில் சொல்லிவிட்டு, சொல்லமுடியாததைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறது அந்தக் குரல். 'இலமே' என்பதோடு பாட்டு நின்றுவிடுகிறது. இதைப் பார்க்க எந்த வரலாற்று நூலும் வேண்டாம். வேறு வேலையில்லாமல் ஐந்து அடியோடு கொஞ்ச நேரம் இருந்தால் போதும்.

இந்த வழியின் பெரிய பலம் இதுதான். சொல் எங்கே நிற்கிறது, எதன் பின்னால் எது வருகிறது என்பதைக் கவனிக்க அவகாசம் கிடைக்கிறது. குறுந்தொகைக்கு இந்த வழி நன்றாகவே ஒத்துப்போகும். நாலு முதல் எட்டு அடிதான். பேசுகிறவருக்குப் பெயர் கிடையாது. ஊரும் பெரும்பாலும் கிடையாது. 'செம்புலப் பெயல்நீர் போல' என்ற உவமைக்குப் பின்னால் எந்த மன்னனும் நிற்கவில்லை. அதை எழுதியவரின் பெயரே தொலைந்துபோய், அந்த வரியையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வைத்திருக்கிறார்கள்.

பாட்டை மட்டும் படித்தால் தப்பாகப் புரிந்துகொள்வோமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல தப்புகள் பாட்டை மட்டும் படிப்பதால் வருவதில்லை. பாட்டை அரைகுறையாகப் படிப்பதால் வருகின்றன. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்ற 192ஆம் பாட்டையே பாருங்கள். முதல் அடி மேடைதோறும் ஒலிக்கிறது. அதற்குக் கீழே உள்ள அடிகள் எத்தனை பேருக்குத் தெரியும்? மழை பெய்து, பேராறு கல்லில் மோதி இரைந்து ஓட, அந்த நீரின் போக்கிலே போகிற தெப்பம்போல உயிர் முறையின் வழியே போகும் என்கிறார் கணியன் பூங்குன்றனார். அதைத் தெளிந்துகொண்டதால்தான் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை. உலக ஒற்றுமைக்கான வாழ்த்துப்பா என்று நினைத்தது ஊழைப் பற்றிய அமைதியான பேச்சாக மாறுகிறது. இந்த 'முறை' எந்தச் சிந்தனை மரபிலிருந்து வந்தது என்று கேட்டால், அப்போதுதான் சமணத்தையும் ஆசீவகத்தையும் தேடிப் போக வேண்டியிருக்கும்.

சரி, இந்த வழி எங்கே கைவிடும்? பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் கைவிடும். 188 அடி. குளிரில் நடுங்கும் ஊர், அரண்மனையில் கணவனைப் பிரிந்து வாடும் அரசி, நள்ளிரவில் தூங்காமல் பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்து வரும் வேந்தன். பெயர் யாருக்கும் இல்லை. காதலைப் பாடும் அகப்பாட்டு என்றே நினைத்துப் படித்து முடித்துவிடலாம். ஆனால் முன்னே போகிறவன் கையில் உள்ள வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. 'வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகமொடு.' வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு சொல்லால் பெயரில்லாத வேந்தன் பாண்டியனாகிவிடுகிறான். அகப்பாட்டில் இன்னார் என்று சுட்டக் கூடாது என்பது மரபு. அதனால் அகமாக இருக்க வேண்டியது புறமாகிவிடுகிறது. அன்று கேட்டவர்களுக்கு இது சொல்லாமலே தெரிந்திருக்கும். இன்று படிக்கிற நமக்கு வேம்பு வெறும் மரம். அகராதியைப் பார்த்தாலும் மரம் என்றுதான் இருக்கும்.

இரண்டாவது வழி: பழைய உரையோடு

மேலே சொன்ன வேம்புக் குறிப்பை நமக்குக் கொடுத்தவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். பழைய உரைகள் இந்த மாதிரி நேரத்தில் விலைமதிப்பற்றவை. நம்மைவிட அந்தப் பாட்டுகளுக்கு அருகில் இருந்தவர்கள் அவர்கள். மரபின் சைகைகள் அவர்களுக்குப் பிடிபட்டன.

மறுபடியும் 112க்கு வருவோம். புறநானூற்றின் முதல் 266 பாட்டுகளுக்குப் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய பழைய உரை கிடைத்திருக்கிறது. 'வென்றெறி முரசின் வேந்தர்' என்பதை நாம் சும்மா அடைமொழி என்று தாண்டிப் போயிருப்போம். வென்று முரசு முழக்கும் வேந்தர், அவ்வளவுதானே? அந்த உரைகாரர் அங்கே நிற்கிறார். போரிட்டு வெல்ல முடியாமல் வஞ்சித்துக் கொன்றவர்களை 'வென்று' என்று சொல்வது இகழ்ச்சிக் குறிப்பு என்கிறார். அதைப் படித்த பிறகு அந்த அடியைப் பழைய மாதிரி வாசிக்க முடிவதில்லை. அழுகைக்குள்ளே ஒரு பல் கடிப்பு கேட்கிறது.

ஆனால் உரைகாரரும் ஒரு காலத்து மனிதர்தான். நச்சினார்க்கினியர் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பொதுவான கருத்து. பாட்டுகளுக்கும் அவருக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல். முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் உரை எழுதும்போது, பொருள் தமக்கு ஒழுங்காக வருவதற்காக எங்கோ இருக்கும் அடியை எடுத்து எங்கோ இருக்கும் அடியோடு 'மாட்டு' என்று சேர்ப்பார். மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் இதைக் கடுமையாக மறுத்தார். எனக்கும் அடிகள் பக்கம்தான் மனம் போகிறது. புலவர் வைத்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கும். மேலே 112இல் பார்த்தோமே, வரிசைதான் அங்கே பாட்டு.

பாட்டுகளின் கீழே இருக்கும் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் குறிப்புகளும் இந்த வகைதான். 112ஐப் பாடியவர்கள் பாரி மகளிர், அதாவது பறம்பு மலைத் தலைவன் பாரியின் மகள்கள், என்பது அந்தக் குறிப்பால்தான் தெரிகிறது. பாட்டுக்குள்ளே பாரியின் பெயர் இல்லை. அவை தொகுத்தவர்கள் சேர்த்தவை. நம்பலாம், ஆனால் பாட்டின் சொல்லுக்குச் சமமாக வைத்து நம்பக் கூடாது.

உரை மட்டும் போதாது என்பதற்குப் பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சா.வின் வாழ்க்கையைவிட நல்ல சான்று வேண்டாம். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைக் கொடுத்தபோது, உ.வே.சா. பெரிய வித்துவானிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், புராணம் எல்லாம் கரைகண்டவர். நச்சினார்க்கினியர் உரையும் அவர் கையில் இருந்தது. அப்படியும் நூல் திறக்கவில்லை. உரையில் வரும் சமயச் செய்திகளே பிடிபடவில்லை. கடைசியில் அந்த ஊரில் இருந்த சமணர்களின் வீட்டுக்குப் போய், சிந்தாமணியை இன்னும் சமய நூலாகப் படித்துவரும் மனிதர்களிடம் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் பதிப்பு வந்தது. ஒரு நூல் பிறந்த சமூகம் இன்னும் உயிரோடு இருக்கும்போது, சில தெரு தள்ளி நடந்து போனாலே பின்னணி கிடைத்துவிடும். பாரியின் பறம்புக்கு அப்படி யாரிடம் போய்க் கேட்பது? அங்கேதான் மூன்றாவது வழி.

மூன்றாவது வழி: சமூகமும் வரலாறும் முதலில்

இந்த வழியில் போகிறவர் முதலில் கல்வெட்டு, அகழாய்வு, நாணயம், சமூக வரலாறு என்று படிப்பார். இதில் கிடைக்கும் சிலிர்ப்பு தனி. திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பையில் 1981இல் தெரியவந்த தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டில், 'அதியன் நெடுமான் அஞ்சி' என்ற பெயர் அப்படியே இருக்கிறது. ஔவையார் பாடிய அதே பெயர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல் ஒன்றில் 'ஆகோள்' என்ற சொல்லே வெட்டப்பட்டிருக்கிறது. ஆநிரை கவர்ந்த சண்டையில் விழுந்தவனுக்குக் கல் நடுவது புறப்பாட்டில் படித்த சங்கதி. அது கண்ணெதிரே கல்லாக நிற்கிறது.

இந்த வழி உண்மையாகவே ஒரு பாட்டைத் திறந்துவிடும் இடத்தைக் காட்டுகிறேன். புறநானூறு 109. மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டிருக்கிறார்கள். நீங்கள் மூவரும் சூழ்ந்தாலும் இந்த மலைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார் பாரியின் நண்பரான புலவர் கபிலர். ஏன் என்றால், 'உழவர் உழாதன நான்கு பயன் உடைத்தே.' மூங்கில்நெல் விளைகிறது, பலாப்பழம் பழுக்கிறது, வள்ளிக்கிழங்கு இறங்குகிறது, தேன் சொரிகிறது. வெறுமனே படித்தால் மலைவளத்தின் அழகான பட்டியல். 'உழவர் உழாதன' என்ற இரண்டு சொல்லில் நின்று பார்த்தால் வேறு ஒன்று தெரியும். முற்றுகையிட்டவர்கள் ஆற்றுச் சமவெளியின் வேந்தர்கள். அவர்களுடைய படைக்கும் முரசுக்கும் பின்னால் இருப்பது ஏர். உழுத நெல் மிஞ்சினால்தான் படை நிற்கும். பாரியின் மலைக்கு ஏர் தேவையில்லை. உங்கள் பலம் எதுவோ அது இல்லாமலே நாங்கள் பிழைப்போம் என்று அந்த வேந்தர்களின் முகத்துக்கு நேரே சொல்கிறார் கபிலர்.

சிவத்தம்பி, குறிஞ்சி, முல்லை, மருதம் போன்ற திணையைக் கவிதை மரபாக மட்டும் பார்க்காமல், ஒரே காலத்தில் வெவ்வேறு நிலங்களில் சமமில்லாமல் வளர்ந்த வாழ்க்கை முறைகளாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பார்வையோடு வந்தால் பாரி கதை ஒரு வள்ளலுக்கு நேர்ந்த சோகமாக மட்டும் நிற்காது. மலைக் குடித் தலைவர்களைச் சமவெளி அரசுகள் ஒவ்வொன்றாக விழுங்கிய காலத்தின் ஒரு முனை தெரியும். 112இல் 'வேந்தர்' என்ற சொல்லும் கனத்துப்போகும். பாரி வேளிரில், அதாவது குறுநிலத் தலைவர்களில், ஒருவன், வேந்தன் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இதை முதல் வழியாக எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். காரணம் அகநானூறு 149.

யவனர் தந்த வினைமாண் நன்கலம்
பொன்னொடு வந்து கறியொடு பெயரும்

சங்ககால வாணிகம் பற்றி யார் எழுதினாலும் இந்த அடிகள் வரும். யவனரின் (கிரேக்க, ரோமானிய வணிகரின்) கப்பல் சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியது. முசிறி வாணிகத்தைப் பற்றிய 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கமொழிப் பாப்பிரஸ் ஏடு ஒன்று வியன்னாவில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். நானும் இந்த இரண்டு அடியை முதலில் வரலாற்றுப் புத்தகத்தில்தான் படித்தேன். அதனால் பல வருடம் இது துறைமுகத்தைப் பற்றிய பாட்டு என்றே நினைத்திருந்தேன்.

முழுப்பாட்டையும் பிரித்த அன்று வெட்கமாகிவிட்டது. இது காதல் பாட்டு. பொருள் தேடப் போகலாம் வா என்று இழுக்கும் நெஞ்சிடம் தலைவன் பேசுகிறான். கரடிகள் இருப்பைப் பூவைத் தின்னும் நீண்ட வழியில் போய், அரிய பொருள் எளிதாகவே கிடைத்தாலும், நான் வரமாட்டேன் என்கிறான். ஏன்? இவள் கண் கலங்கும். எப்படிப்பட்ட கண்? யவனர் கப்பல் வரும் முசிறியை வளைத்த பாண்டியன் செழியனின் கூடல் (மதுரை), அந்தக் கூடலுக்கு மேற்கே இருக்கும் முருகன் குன்றம், அந்தக் குன்றத்துச் சுனையில் பூத்த நீலம், அந்த நீலப்பூக்களை எதிரெதிரே வைத்துப் பிணைத்தது போன்ற கண். கப்பல், பொன், மிளகு, போர், தலைநகரம், கோயில் எல்லாமே அவள் கண்ணுக்குப் போகும் வழியில் இருக்கும் படிகள். உலகத்துப் பொன்னெல்லாம் வந்து இறங்கும் துறையைச் சொல்லிவிட்டு, அது வேண்டாம் என்கிறான். எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் கட்டிய இந்தக் கட்டடத்தில் இரண்டு செங்கல்லை மட்டும் உருவி வைத்துக்கொண்டு நான் வாணிகம் பேசிக்கொண்டிருந்தேன்.

வரலாற்றை முதலில் படிப்பதன் ஆபத்து இதுதான். எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தேடியது கிடைத்ததும் கண் நின்றுவிடுகிறது.

இன்னொரு எச்சரிக்கை. வரலாறு என்று நாம் எடுத்துக்கொள்வதிலும் அடுக்குகள் உண்டு. கபிலர் பாரியின் மகளைத் திருக்கோவிலூர்ப் பக்கத்துத் தலைவன் மலையமானுக்குக் கொடுத்துவிட்டுத் தீப்புகுந்தார் என்ற செய்தி திருக்கோவிலூரில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டில் இருக்கிறது. கல்லில் இருக்கிறதே என்று அதைப் பாரி காலத்துச் சாட்சியாக வைக்க முடியாது. பல நூற்றாண்டு கழிந்தும் அந்தக் கதை மக்கள் மனதில் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

எந்த வழியை எடுப்பது?

தனக்காகப் படிக்கிறவர் பாட்டிலிருந்து தொடங்கட்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரு பாட்டை மூன்று நான்கு முறை வெறுமனே படியுங்கள். எங்கே இடறுகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். 'ஏன் உழாதன?', 'ஏன் வேம்பு?' என்று கேள்வி வந்த பிறகு உரையைப் பாருங்கள். உரை பதில் சொல்லாவிட்டால் வரலாற்றுக்குப் போங்கள். பதில் கிடைத்ததும் பாட்டுக்குத் திரும்பி வந்து இன்னொரு முறை படியுங்கள். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள்.

வகுப்பெடுக்கிறவருக்கு வரிசை கொஞ்சம் மாறும். நாற்பது பேருக்கும் கேள்வி எழும்வரை காத்திருக்க முடியாது. பின்னணியை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஆனால் பாட்டை ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகு சொல்வது நல்லது. வரலாறு எழுதுகிறவர் சான்றைத்தான் தேடுவார், அது அவர் வேலை. அவரும் முழுப்பாட்டைப் படித்துவிட்டு மேற்கோள் எடுத்தால் போதும்.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். ஆட்சிக்குத் தெரியாமல் எதையோ சொல்ல வந்த படைப்புகளுக்குக் காலத்தை முதலில் தெரிந்துகொள்வதே நல்லது. பாரதியின் பாஞ்சாலி சபதம் முதல் பாகம் 1912இல் வந்தது. 1908இல் பிரிட்டிஷ் ஆட்சியின் பிடிக்குத் தப்பிப் புதுச்சேரிக்குப் போனவர் அவர். சூதில் பணயமாக வைக்கப்படும் பாஞ்சாலியை அன்றைய வாசகர் அடிமைப்பட்ட பாரதத் தாயாகப் பார்த்திருப்பார் என்பதை அறியாமல் படித்தால் பாரதக் கதை மட்டும் கிடைக்கும். அன்றைய வாசகருக்கு முதல் வரியிலேயே தெரிந்திருந்தது நமக்கு நூறு பக்கம் கழித்துத் தெரிவதில் பயன் இல்லை.

புறநானூற்றுக்கே புதியவர் என்றால் 400 பாட்டையும் முதலிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டாம். 105 முதல் 120 வரை பாரியைச் சுற்றிய பாட்டுகள் இருக்கின்றன, அங்கே நுழையுங்கள். ஔவை சு. துரைசாமிப்பிள்ளை உரை பக்கத்தில் இருக்கட்டும், உடனே திறக்க வேண்டாம். 116ஆம் பாட்டில் கொஞ்சம் தங்குங்கள். பாரி இறந்துவிட்டான். அவன் மகளிர் முள்வேலி போட்ட ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். பீர்க்கும் சுரையும் படர்ந்த இடத்தில் ஒரு குப்பைமேட்டில் ஏறி நின்று, போகிற உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். 'நோகோ யானே, தேய்கமா காலை' என்கிறார் கபிலர். முன்பு இவர்கள் உயர்ந்த மலையில் ஏறி நின்று எண்ணியது வேறு: தந்தையோடு போரிட வந்த வேந்தர்களின் குதிரைகளை.

ஏன் உப்பு வண்டி என்று அப்போது தோன்றும். அகநானூறு 390ஐத் தேடிப் போவீர்கள்; 'நெல்லும் உப்பும் நேரே' என்று சேரிதோறும் கூவி விற்கிறாள் உமணர் மகள். உழாத நான்கு பயனால் வாழ்ந்த மலைப் பெண்கள், நெல்லுக்கு உப்பு மாற்றும் வண்டிகள் போகும் வழியோரத்தில் வந்து நிற்கிறார்கள். அப்புறம் 116ஐ மறுபடி எடுத்துப் படியுங்கள். குப்பைமேட்டில் அவர்கள் இன்னும் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.